எட்டணாவின் எழுபது கிலோ

அமுலு அன்றைக்கு வேண்டுதலில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால், எங்கள் சீத்தாங்குப்பத்தில் பாதிப் பேருக்கு நெற்றியில் புடைப்பு வந்திருக்காது, மீதிப் பேருக்கு மூட்டு வலி போயிருக்காது, காஞ்சிபுரத்திலிருந்து ஒரே நாள் வேலையாக வந்த தணிகாசலம் எங்கள் ஊர் வாக்காளராக ஆகியிருக்கவும் மாட்டார். ஆனால் அமுலு தள்ளுவண்டியில் காய்கறி விற்பவள், பொழுதெல்லாம் தராசைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவள், எது மேலே போகிறது எது கீழே இறங்குகிறது என்பதில்தான் அவளுக்குக் கண். ஆகவே மகள் மூன்றாவது தடவை மேடை ஏறியபோது, கெங்கையம்மன் சந்நிதியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, எம்பொண்ணு தூக்கறது கீழ மட்டும் வுழக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

அது மாவட்ட அளவில் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி. கோயிலுக்கு எதிரே இருக்கிற மைதானத்தில் பலகை மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மோர்ப்பந்தல் வைத்து நடத்தினார்கள். அமுலுவின் மகள் ரூபாவதிக்கு, நாங்கள் ரூபா என்று கூப்பிடுகிறவளுக்கு, எழுபது கிலோ. கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோய், அதே வேகத்தில் அதன் அடியில் குந்தி உட்கார்ந்து கையை நிமிர்த்திப் பிடித்து, அப்புறம் அப்படியே எழுந்து நிற்க வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டிலும் கம்பி அவளுடைய முதுகுக்குப் பின்னால் தடாலென்று விழுந்ததில் மோர்ப்பந்தல் பானை ஒன்று விரிசல் விட்டிருந்தது.

மூன்றாவதில் பிடித்துவிட்டாள். குந்தின நிலையில், தலைக்கு மேல் எழுபது கிலோவோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முட்டி இரண்டும் தையல் மிஷின் போல ஆடின, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் கையை விட்டுவிட்டு முன்பக்கமாக உருண்டு வெளியே வந்தாள். கம்பி வரவில்லை. விட்ட இடத்திலேயே, ஒரு ஆளின் கழுத்து உயரத்தில், இரண்டு பக்கமும் வட்டுகளோடு ஆடாமல் அசையாமல் நின்றது.

"அப்பாடா, வுழல" என்றது கூட்டம். அமுலு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சொன்னா சொன்னதுதான் நம்ம தாயி" என்றாள். அதற்கு மேல் அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. சிக்கல் எல்லாம் நடுவர் தணிகாசலத்துக்குத்தான். அவர் கையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன, தூக்கினால் வெள்ளை விளக்குக்கு ஒன்று, தவறினால் சிவப்பு விளக்குக்கு ஒன்று. எதை அமுக்குவது?

"முடியல சார்" என்றாள் ரூபா.

"அத நீ சொல்லக்கூடாதும்மா, கம்பி சொல்லணும். வுழுந்தா தோல்வி. நின்னா வெற்றி. இது ரெண்டும் இல்ல. குந்தினவங்க எத்தினி நேரத்துல எழுந்திருக்கணும்னு விதில எங்கயும் சொல்லல."

"அப்ப நான் வூட்டுக்குப் பூட்டு சாப்ட்டு வரட்டா சார்?"

தணிகாசலம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "சாப்பிடக்கூடாதுன்னும் விதி இல்ல. போய்ட்டு வா" என்றார். மற்ற நடுவர்கள் சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நீங்கள் அமுக்குகிறதுதான் எங்களுக்கும் தீர்ப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். தணிகாசலம் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் அவர் மனைவி மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, கம்பியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்து, "தீர்ப்பு சொல்ற வரைக்கும் இங்கதான்னா மொதல்ல ஒரு வீட்டப் பாருங்க" என்றார். கோயில் தெருவிலேயே நல்ல காற்றோட்டமான வீடு கிடைத்தது.

ஊர் என்றால் சும்மா இருக்குமா? முதலில் ஆண்பிள்ளைகள் பத்துப் பேர் தொங்கிப் பார்த்தார்கள், தொங்கினதுதான் மிச்சம். மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்ததில் அதன் பல் வளைந்தது. அம்மன் வாக்கு 'எம்பொண்ணு தூக்கறது' என்பதால் அமுலு பெண்ணைத் தவிர வேறு யார் கைக்கும் அது அசையாது என்று பூசாரி விளக்கிச் சொன்ன பிறகு, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். யாரோ அதில் பள்ளிக்கூடச் சீருடையைக் காயப்போட்டார்கள். யாரோ இருட்டில் வந்து இடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள். எங்கள் ஊரில் ஒன்றுக்குச் சிவப்புத் துணி கட்டினால் அடுத்த நாள் அதற்குக் குங்குமம் வந்துவிடும், குங்குமம் வந்தால் எலுமிச்சம்பழம் வந்துவிடும், எலுமிச்சம்பழம் வந்த பிறகு மணி கட்டாமல் யார் இருப்பார்கள்? வெண்கல மணி, பித்தளை மணி, பிள்ளை வேண்டிக் கட்டிய மரத்தொட்டில், வெளிநாட்டு வேலை வேண்டிக் கட்டிய பூட்டு, பரீட்சைக்குப் போகிறவர்களின் பேனா என்று வெள்ளிக்கு வெள்ளி கம்பி நிறைந்துகொண்டே வந்தது.

அதைவிடப் பெரிய விசேஷம் ஒன்று நடந்தது. கோயிலுக்கு நேர் வழியில் கம்பி நின்றதாலும், சாமியாகிவிட்டதைச் சுற்றிக்கொண்டு போவது குற்றம் என்பதாலும், உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அதன் அடியில் நன்றாகக் குந்தி நகர்ந்துதான் போக வேண்டும், வரும்போதும் அப்படியே. முனகிக்கொண்டு குந்தினார்கள், சிரித்துக்கொண்டு குந்தினார்கள், கூடையோடும் குழந்தையோடும் குந்தினார்கள். ஒரு ஆடியிலிருந்து மறு ஆடி வருவதற்குள் ஊரில் மூட்டு வலி என்ற பேச்சே இல்லை. தைலம் விற்கிறவன் கடையை மூடிவிட்டு வளையல் விற்கப் போனான். எங்கள் வார்டு கவுன்சிலர் பூஷணம், படி ஏறவே இரண்டு ஆள் துணை தேடின அம்மா, இப்போது ஒரே மூச்சில் குந்தி எழுந்து, கோயிலுக்குள் தேவையே இல்லாமல் நாலு தடவை போய்வந்தார்.

எல்லோருக்கும் நல்லதே நடந்தது, ரூபாவுக்குத் தவிர. பாதியிலேயே விட்டதால் பாதி ரூபா என்றார்கள். பாதி ரூபா என்றால் எட்டணாதானே? அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போனால் "எட்டணா வருது", பஸ்ஸில் ஏறினால் "எட்டணாவுக்கு எடம் குடு". சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் இன்னும் மோசம். அவள் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்து அழுததை மாடு மேய்க்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்தக் கம்பியின் அடியில் போய் முழுசாக எழுந்து நிற்க வேண்டும்.

கோபத்தில் முதல் மாதம் தினமும் போய் முட்டினாள். இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்ததுதான் பலன். படுத்த இடத்தில் யோசித்தாள். எழுந்ததும் உடற்பயிற்சிக் கழகத்தில் இருந்த பழைய கம்பியை, ஒரு வட்டும் போடாமல் வெறுமையாக எடுத்து, அதோடு குந்திக் குந்தி எழுந்தாள். மறுவாரம் அமுலுவின் தராசிலிருந்து இரண்டு நூறு கிராம் எடைக்கல்லை எடுத்து இரண்டு பக்கமும் துணியில் முடிந்து கட்டினாள்.

"நூறு கிராம் கல்ல எடுத்துகினு பூட்டா நான் பச்சமொளகா எதுலடி நிறுக்கறது?" என்று கத்தினாள் அமுலு.

"கையால அள்ளிப் போடும்மா."

அமுலு கையால் அள்ளிப் போட்டாள், அவள் கை பெரிய கை, ஆகையால் அந்தக் காலம் முழுக்க எங்கள் ஊர்க் குழம்பெல்லாம் காரம். ரூபா வாராவாரம் கல்லைக் கூட்டினாள். ஐம்பது கிராம் கல்லைக்கூட விடவில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னா எட்டணா, இன்னிக்கு எவ்ளோ கத்திரிக்கா தூக்கின?" என்று கேட்பார்கள். "போன வாரத்துக்கு மேல நாலு கத்திரிக்கா" என்பாள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் தானே குறைத்துக்கொள்வாள், நன்றாகத் தூங்குவாள், கேழ்வரகுக் களியும் முட்டையும் வேர்க்கடலையுமாகச் சாப்பிடுவாள். அதைப் பார்த்துவிட்டு "எட்டணா நாலணா ஆயிட்ச்சி" என்று ஊர் சிரிக்கும். அடுத்த வாரம் அவள் முன்னைவிட ஒரு கல் கூடுதலாகக் கட்டும்போது ஊருக்கு வேறு வேலை வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும், வாரத்துக்கு ஒரே தடவை, கோயில் கம்பியின் அடியில் குந்தி, மணிகளுக்கும் தொட்டில்களுக்கும் நடுவே பிடி தேடிப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரு தள்ளு தள்ளுவாள். கம்பி அவளுக்கு மட்டும் அசையும், அதுவும் எள்ளளவு. அசைந்த எள்ளளவு திரும்பிக் கீழே வராது, அதுதான் அம்மன் வாக்கு. தணிகாசலம் நாற்காலியிலிருந்து சாய்ந்து பார்த்து, "ம்" என்பார். அவர் மட்டும் ஒருநாளும் அந்தக் கம்பியின் அடியில் குந்தியதில்லை, நடுவர் கம்பி பக்கம் போவது நியாயமில்லை என்று பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் சாமி கும்பிடப் போவார்.

எள்ளளவு எள்ளளவாகக் கழுத்து உயரக் கம்பி மோவாய்க்கு வந்தது, மூக்குக்கு வந்தது, மூன்றாவது ஆடி வரும்போது நெற்றிக்கு வந்திருந்தது. அங்கேதான் வம்பு. நெற்றி உயரத்துக்குக் குந்த வேண்டியதில்லை, லேசாகத் தலையைச் சாய்த்தால் போதும், சாய்க்க மறந்தவர்களுக்கு டங்கென்று மணியோசையோடு ஒரு புடைப்பு. புடைப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். குந்துவது நின்றதும் மூட்டு வலி வரிசையாகத் திரும்பி வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தைலக்காரன் வளையலை விட்டுவிட்டு மறுபடி கடையைத் திறந்தான்.

பூஷணம் கூட்டம் போட்டார். கடைசி ஆடி வெள்ளியன்று மேடையைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில், மறுபடி எல்லோரும் குந்திப் போகும்படி, ஒரு முழ உயரத்துக்குக் கான்கிரீட் தரை போடுவது, கம்பி இன்னும் மேலே போகாமல் இரண்டு பக்கமும் தூண் எழுப்பி இரும்புப் பட்டையால் இறுக்கிவிடுவது, அப்புறம் பித்தளைக் கவசம் சாத்துவது, சாத்திய பிறகு யாரும் கை வைக்கக்கூடாது என்று முடிவானது. எல்லோரும் கை தட்டினார்கள். ரூபா எழுந்து, "இன்னும் ஒரு மொழம்தாங்க்கா கீது" என்றாள்.

"ஒரு மொழத்துக்கு நீ இன்னும் மூணு வருசம் எடுப்ப. அதுக்குள்ள எங்க கால் பூடும்மா."

பூஷணத்தைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். தணிகாசலம், தரையை உயர்த்தினால் போட்டி மேடை மாறிவிடும், மாறினால் சிவப்பு விளக்கைத்தான் அமுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குக் கூட்டம் கலைந்து போகும்போது யாரும் ரூபாவை எட்டணா என்று கூப்பிடவில்லை, கூப்பிடாததிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கடைசி ஆடி வெள்ளி வந்தது. ஒரு பக்கம் கூழ் காய்ச்சினார்கள், இன்னொரு பக்கம் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. ரூபா மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூள் தடவிக்கொண்டு, கம்பியின் அடியில் போனாள். கம்பி நெற்றி உயரத்தில் இருந்ததால் இப்போது முக்கால் குந்து போதும். ஆனால் அதில் மணியும் பூட்டும் தொட்டிலும் கம்பியே தெரியாத அளவுக்குத் தொங்கின. "மணியெல்லாம் கணக்குல வராது, அது அலங்காரம். கணக்கு எழுபதுதான்" என்று தணிகாசலம் அறிவித்தார். கணக்கில் வராத பாரம் கையில் வராமல் போகுமா?

பிடித்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். தள்ளினாள்.

இத்தனை வெள்ளியும் எள்ளளவு மட்டுமே அசைந்த கம்பி, ஒரு விரற்கடை ஏறியது. பம்பைக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு விரற்கடை ஏறியது, மணியெல்லாம் கலகலவென்று ஆடியது, ஒரு சாண் ஏறியது. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது, வாராவாரம் நாங்கள்தான் மணி மணியாகக் கட்டிக் கம்பியைப் பாரமாக்கியிருக்கிறோம், அவள் அத்தனையையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, கூழ் ஊற்றுகிறவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள், கூழ் குண்டானில் விழாமல் தரையில் ஓடியது.

ஒரு சாணில் நின்றுவிட்டது.

"வுட்டுட்டு வெளிய வாம்மா" என்று கத்தினார் பூஷணம், நிஜமான பதற்றத்தோடு. "அது வுழாது, உனுக்கு ஒண்ணும் ஆவாது, வா!"

"வெளிய வந்தா திரும்பி உள்ள வுடுவீங்களாக்கா?" என்றாள் ரூபா பல்லைக் கடித்துக்கொண்டு. பூஷணம் கையைக் காட்டிக் கான்கிரீட் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

அமுலு சந்நிதியைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். எந்த வார்த்தையைச் சொல்லி இன்னும் எதில் மாட்டிவிடுவேனோ என்று பயந்து மூடிக்கொண்டாள். அப்புறம் அம்மனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகளைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு முனையில் தக்காளிக்குக் கூவுகிற அதே குரலில் கத்தினாள்.

"எழுந்திருடி!"

ரூபா எழுந்தாள். முட்டி நிமிர்ந்தது, இடுப்பு நிமிர்ந்தது, தொட்டில்கள் ஆட, பூட்டுகள் குலுங்க, சிவப்புத் துணிகள் முகத்தில் பறக்க, அவள் நேராக நின்றாள். தலைக்கு மேலே இரண்டு கையும் நிமிர்ந்து நின்றன. பாதங்கள் ஒரே கோட்டில் இருந்தன. தணிகாசலத்தின் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்ததில் இறக்கச் சொல்ல மறந்துவிட்டார், அவர் மனைவிதான் விலாவில் ஒரு இடி இடித்தார்.

"இறக்கு!" என்றார் தணிகாசலம்.

ரூபா கையை எடுத்துவிட்டு விலகினாள். கம்பி வரவில்லை. தலைக்கு மேலே, கையைத் தூக்கினால்தான் எட்டுகிற உயரத்தில், சாவகாசமாக நின்றது. பூஷணம் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடைக்கு வந்து சேரணும். சேர்ந்தாத்தான் வெள்ள வெளக்கு" என்றார் தணிகாசலம், பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு. எல்லோரும் அமுலுவைப் பார்த்தோம்.

அமுலு மெதுவாகச் சந்நிதிக்கு நடந்தாள். மூன்று வருடமாக அவள் அங்கே வேறு எதுவுமே வேண்டிக்கொண்டதில்லை, வாய் திறக்கவே பயம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தாயே," என்றாள், "எம்பொண்ணு வுழுந்துடுவாளோன்னு பயந்துகினு அப்பிடிச் சொல்லிட்டன். இனிமே பயமில்ல. வுழுந்தாலும் அவ எழுந்துக்குவா. வுழட்டும்."

விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பாலாற்றுக்கு அக்கரையில் கேட்டு வெடி என்று நினைத்தார்களாம். பலகை பிளந்தது, மணிகள் தெருவெல்லாம் உருண்டன, பூட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன, கூழ்ப்பானை கவிழ்ந்தது, வெள்ளை விளக்கு எரிந்தது. யாரோ துண்டைச் சுழற்றிக்கொண்டு, "எட்டணா ஜெயிச்சிட்டா!" என்று கத்தினான்.

"எவன்டா அவன் எட்டணான்றவன்?" அமுலு திரும்பினாள். "ரூபாடா. முழு ரூபா!"

தணிகாசலம் கை கொடுக்க எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஊரிலேயே குந்தாத ஒரே ஆள் அவர்தானே, முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. ரூபா போய் அவர் கையைப் பிடித்து ஒரு இழு இழுத்து நிறுத்தினாள். நின்ற கையோடு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி, ஒலிபெருக்கியில் கேட்டார், "அடுத்தது யாரு?"

போட்டி இன்னும் முடியவில்லை என்பதே எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்ததாக வர வேண்டியவள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டிருந்தாள். அப்புறம் பூஷணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "குந்தறதுக்குத்தான் கம்பி இல்லாமப் பூட்ச்சே, எனுக்கு ஒண்ணு குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் பூசாரி, அவருக்குப் பின்னால் தைலக்காரன், பம்பைக்காரர்கள், கொத்தனார்கள் என்று வரிசை தேரடி வரைக்கும் நீண்டது. ரூபா கழகத்திலிருந்து வெறுங்கம்பியைக் கொண்டுவரச் சொன்னாள். "எல்லாரும் இதுலேர்ந்துதான். அடுத்த வாரம் நூறு கிராம் கட்டலாம்."

ஆனால் வரிசையை முந்திக்கொண்டு கம்பியைத் தொட்டது அமுலு. பிளந்த பலகையின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, குனிந்து, காய்கறிக் கூடையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தாள். பின்னால் நின்ற ரூபாவின் கைகள் தன்னாலே கோயிலைப் பார்த்துக் குவிந்தன, உதடு அசைந்தது. அம்மா கீழே போடக்கூடாது என்று சொல்லத்தான் போனாள். சட்டென்று நிறுத்திக்கொண்டு, குவித்த கையைப் பிரித்து, அம்மாவின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

"வுழுந்தா வுழட்டும்மா," என்றாள். "எடு."